பூச்சிக் குலம் வகுத்த உவாரோவ்

கண்ணுக்கு ஒன்றுபோலத் தோன்றும் உயிர்கள் யாவும் ஓரினத்தைச் சேர்ந்தன ஆகா. வெவ்வேறாகத் தோன்றுவனவும் சிற்சில வேளைகளில் ஓரினமாகவே முடிதல் உண்டு. இவ்விரண்டையும் ஐயந்திரிபற ஆராய்ந்து, பிரிக்கத் தக்கவற்றைப் பிரித்தும் சேர்க்கத் தக்கவற்றைச் சேர்த்தும் வைப்பதே உயிரியலார் வகைப்பாடு என்று கூறும் கலையாகும். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவுயிர் முதல் ஆறறிவுயிர் ஈறாக வகுத்துவைத்த முறையை மாணவர் அறிவர். அவர் கொண்ட அடிப்படை அறிவு. மேலைநாட்டார் கொண்ட அடிப்படை உடலமைப்பு. சுவீடன் நாட்டு இலின்னேயசு என்னும் அறிஞர், 1758-ஆம் ஆண்டில் வெளிவந்த தம் நூற்பதிப்பில், விலங்கு ஒவ்வொன்றுக்கும் இரண்டு சொற்களால் ஆகிய பெயரை வழங்கினார். முதற்சொல் பேரினத்தைக் குறிக்கும்; அடுத்த சொல் அப்பேரினத்துள் அடங்கிய சிற்றினத்தைக் குறிக்கும். குடிப்பெயரும் இயற்பெயரும் சேர்ந்து ஒருவரைச் சுட்டுவதுபோல, இவ்விரு பெயர்களும் சேர்ந்து ஓர் உயிரைப் பிறவற்றினின்று வேறுபடுத்திக் காட்டுகின்றன.

பெயரிடுதல் எளிய தொழில் என்று சிலர் எண்ணக்கூடும். பெயரைத் தவறாக இட்டதனால் ஒரு பெரும் உண்மை நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலாக மறைந்துகிடந்த கதையும், அம்மறைப்பை ஒருவர் நீக்கிய வரலாறும் உண்டு. அவரே முகில் தவழும் மலைச்சாரலில் யாரும் பொருட்படுத்தாது வாழ்ந்த ஒரு சிறு தத்துக்கிளிக்குத் தனிப் பேரினம் வகுத்தவரும் ஆவார். அவர் பெயர் போரிசு பெத்ரோவிச்சு உவாரோவ்.

உருசியப் பேரரசில், யூரல் ஆற்றங்கரையில், யூரால்சுக்கு என்னும் நகரம் இருந்தது. இன்று அது கசாக்கசுத்தான் நாட்டைச் சேர்ந்தது. ஓரல் என்று வழங்கப்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அந்நகரில் அரசு வங்கிப் பணியாளர் ஒருவரின் இளைய மைந்தராக உவாரோவ் பிறந்தார். ஊரைச் சூழ்ந்து காடு இல்லை, மலையும் இல்லை. கண்ணுக்கெட்டிய தொலைவுவரை புல்வெளியே பரந்துகிடந்தது. பனி உருகும் இளவேனிலில் அவ்வெளி முழுதும் பூத்துக் குலுங்கும். கோடை முதிரப் புல் பழுத்து உலரும். அப்போது அடியெடுத்து வைக்குந்தோறும் காலடியிலிருந்து தத்துக்கிளிகள் சிதறி எழும். சிறுவர்க்கு அது விளையாட்டு. உவாரோவுக்கோ அதுவே பின்னாளில் வாழ்நாட் கல்வி ஆயிற்று.

முதலில் அவர் சுரங்கத் தொழிற்கல்வி பயிலச் சென்றார். கல்லும் கனியும் அவர் உள்ளத்தைக் கவரவில்லை. ஆகவே அதனை விடுத்துப் பீட்டர்சுபர்க்குப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்து உயிரியல் பயின்றார். 1910-ஆம் ஆண்டில் பட்டம் பெற்றார். தத்துக்கிளி, வெட்டுக்கிளி, சுவர்க்கோழி ஆகியவை அடங்கிய நேர்ச்சிறகுப் பூச்சிகளின் பகுதியையே அவர் தமக்குரிய துறையாகக் கொண்டார். காசுப்பியன் கடலுக்கு அப்பாலுள்ள முர்காபு என்னுமிடத்தில், பருத்தி விளைவிக்கும் பண்ணையில் சிறிதுகாலம் பூச்சியியலாராகப் பணிபுரிந்தார். 1912-ஆம் ஆண்டில், காக்கசு மலைத்தொடருக்கு வடக்கேயுள்ள சுத்தாவ்ரபோல் என்னும் நகரில் புதிதாக நிறுவப்பட்ட பூச்சியியல் நிலையத்தின் தலைவரானார்.

அப்பகுதி உழவர்களின் பெரும்பகை வெட்டுக்கிளி. காசுப்பியன் கடலிற் சென்று கலக்கும் ஆறுகள், கடல் அணுகுமிடத்தில் விரிந்து பெருநாணற் காடுகளை உண்டாக்கியிருந்தன. அந்நாணற் காடுகளில் வெட்டுக்கிளிகள் பெருகும். பெருகியவை ஒருநாள் கூட்டமாக எழும். எழுந்த கூட்டம் கதிரவனை மறைத்துக்கொண்டு விளைநிலங்களின்மேல் இறங்கும். மாலையில் பசுமையாக நின்ற வயல் மறுநாள் வெறுந்தாளாக நிற்கும். ஆண்டு முழுதும் உழைத்த குடியானவனுக்குக் குளிர்காலத்தைக் கழிக்கத் தானியம் இராது. இவ்வழிவைத் தடுப்பதே உவாரோவின் நிலையத்துக்கு இடப்பட்ட பணி. நிலத்தில் ஊர்ந்து செல்லும் சிறகு முளையாத இளம்பூச்சிகளை நஞ்சு தெளித்துக் கொல்வதே அந்நாளில் அறியப்பட்ட வழி.

ஆயினும் ஒரு வினாவுக்கு எவரும் விடை காணவில்லை. வெட்டுக்கிளிகள் சில ஆண்டுகள் படையெடுத்து வரும். பின்னர்ப் பல ஆண்டுகள் ஒன்றுகூடக் கண்ணிற் படாது. அவ்விடைக்காலத்தில் அவை எங்கே போகின்றன? மீண்டும் எங்கிருந்து தோன்றுகின்றன? தெய்வத்தின் சினம் என்றனர் சிலர். தொலைநாட்டிலிருந்து காற்றில் வருகின்றன என்றனர் வேறு சிலர்.

அந்நாளைய நூல்களில் அப்பகுதி வெட்டுக்கிளிகள் இரண்டு சிற்றினங்களாகக் கூறப்பட்டிருந்தன. இலின்னேயசு கூட்டமாக இடம்பெயர்வதை மைக்ரடோரியா என்று 1758-இலும், தனித்து வாழும் மற்றொன்றை டானிக்கா என்று 1767-இலும் பெயரிட்டுச் சென்றார். கூட்டமாக வாழ்வதன் இளம்பூச்சி கருமையும் செம்பொன்னிறமும் கலந்தது. தனித்து வாழ்வதன் இளம்பூச்சி பெரும்பாலும் புல்லின் நிறத்தையே கொண்டது. வளர்ந்தபின், முன்னதன் மார்பை மூடும் கவசம் நடுவில் சற்றே தாழ்ந்திருக்கும். பின்னதன் கவசம் வளைந்து மேலெழுந்திருக்கும். சிறகின் நீளத்துக்கும் பின்தொடையின் நீளத்துக்கும் உள்ள அளவும் இரண்டிலும் மாறுபடும். நடத்தையும் வேறு. ஒன்று தன் இனத்தைத் தேடிச் சேரும். மற்றொன்று தன் இனத்தை விட்டு விலகும். இத்தனை வேற்றுமை உடையவற்றை இரண்டெனக் கூறியதில் வியப்பில்லை.

சுத்தாவ்ரபோலில் உவாரோவ் கண்டதோ இந்நூற்கொள்கைக்கு மாறாக இருந்தது. கூட்டமாக வாழும் வகை முட்டையிட்டுச் சென்ற நிலத்தில், அடுத்த ஆண்டு அவ்வகையே தோன்றுதல் வேண்டும். ஆனால் அங்கே தனித்து வாழும் டானிக்கா மிகுந்திருந்தது. அவற்றுள் சில எவ்வகை எனத் துணிய முடியாதனவாய், இரண்டுக்கும் இடைப்பட்ட வடிவத்தோடு இருந்தன. பொதுவாக இத்தகைய இடைப்பட்ட வடிவங்களைக் காண்பவர், தம் கண்ணின் பிழை என்றோ இரண்டினமும் கலந்தமையால் வந்தவை என்றோ கூறி ஒதுக்கிவிடுவர். உவாரோவ் அவ்வாறு ஒதுக்கவில்லை. அவசரப்பட்டு முடிவும் கூறவில்லை. கண்டதைக் குறித்து வைத்துக்கொண்டார். அந்த ஐயம் பல ஆண்டுகள் அவர் உள்ளத்தில் விதைபோலக் கிடந்தது.

1915-ஆம் ஆண்டில் அவர் திபிலீசு நகரத்துக்கு மாற்றப்பட்டார். இன்று திபிலீசி எனப்படும் அந்நகரம் சியார்சியாவின் தலைநகர். அக்காலத்தில் காக்கசுப் பகுதி முழுமைக்கும் உருசிய ஆட்சியின் நடுவிடமாக விளங்கியது. அங்கே பயிர்ப் பாதுகாப்பு நிலையத்தின் பொறுப்பு அவரிடம் வந்தது. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. துருக்கியரோடு பொருத உருசியப் படைகள் திபிலீசைக் கடந்தே மேற்கும் தெற்கும் சென்றன.

திபிலீசுக்குத் தென்மேற்கே கருங்கடலை ஒட்டி உயர்ந்த மலைத்தொடர் ஒன்று உள்ளது. காச்சுக்கார் மலைகள் என்பது அதன் ஒரு பகுதிக்குப் பெயர். அதன் உச்சி ஏறத்தாழ 3,900 மீட்டர் உயரமுடையது. கடலிலிருந்து எழும் நீராவி முழுவதும் இம்மலைச்சுவரில் மோதிப் பொழிந்துவிடும். மலையடியிலுள்ள இரீசே நகரில் ஆண்டுக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும். கீழே அகன்ற இலை மரங்கள். அதற்கு மேலே ஊசியிலை மரங்கள். அதற்கும் மேலே மரம் முளைக்காத பசும்புல் மேடுகள். அவற்றில் ஆண்டின் பாதிக்கு மேல் பனி மூடிக்கிடக்கும். இம்மலைகளில் ஆர்ட்டுவினைச் சூழ்ந்த பகுதி 1878-ஆம் ஆண்டு முதல் உருசியர் ஆட்சியில் இருந்தது. பின்னர்த் துருக்கிக்கு உரியதாயிற்று.

இம்மலைகளில் வாழும் ஒரு தத்துக்கிளியே உவாரோவின் ஆராய்ச்சிக்கு உட்பட்டது. இங்கே தத்துக்கிளி என்று கூறுவது, வயலை அழிக்கும் வெட்டுக்கிளியை அன்று. வெட்டுக்கிளியின் உணர்கொம்பு குட்டையானது. இத்தத்துக்கிளியின் உணர்கொம்போ மயிரிழைபோல் மெலிந்து, உடலைக்காட்டிலும் நீண்டிருக்கும். பெண்ணுக்கு உடலின் கடைசியில் வாள்போன்ற உறுப்பு ஒன்று உண்டு. மண்ணிலோ செடியின் தண்டிலோ முட்டையைச் செலுத்துவதற்கு அது கருவியாகும். ஆண், முன்சிறகுகள் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று உராய்ந்து ஒலி எழுப்பும். இடச்சிறகின் அடிப்பக்கத்தில் அரம்போன்ற பல்வரிசை உண்டு. வலச்சிறகின் விளிம்பு அதன்மேல் தேயும்போது இசை பிறக்கின்றது. அவ்விசையைக் கேட்கும் செவி முகத்தில் இல்லை. முன்னங்கால்களில், முழந்தாளுக்குச் சற்றுக் கீழே அமைந்துள்ளது. தும்பி முதலியவற்றை நான்கறிவுயிராக வைத்தெண்ணிச் செவியறிவை அவற்றுக்குக் கூறாது விட்ட பழையோர், காலிற் செவியுடைய உயிரும் உண்டு எனக் கண்டிருப்பாராயின், அதனை எவ்விடத்தில் வைத்திருப்பாரோ!

மலையுச்சியில் வாழும் தத்துக்கிளிகளை வகுத்தல் பெரிதும் இடர்ப்பாடுடையது. அதன் காரணத்தை மாணவர் நன்கு உணர்தல் வேண்டும். குளிர்மிக்க உயரத்தில் பறத்தலால் வரும் பயன் சிறிது. சிறகை வளர்த்தற்கு ஆகும் செலவோ பெரிது. கோடை மிகக் குறுகியது. அதற்குள் முட்டையிலிருந்து வெளிவந்து, வளர்ந்து, முட்டையிட்டு முடிக்கவேண்டும். ஆகவே மலைவாழ் தத்துக்கிளிகள் பலவற்றில் பறக்கும் சிறகு தேய்ந்து குறுகிவிட்டது. ஆணுக்கு இசையெழுப்புதற்கு வேண்டிய அளவே அது எஞ்சி நிற்கும். ஆல்ப்சு மலையிலும் இவ்வாறே. கார்ப்பேதிய மலையிலும் இவ்வாறே. காக்கசு மலையிலும் இவ்வாறே. வெவ்வேறு குலத்தில் பிறந்தவை ஒரே வகையான வறுமையால் ஒரே வகையான உடையை உடுத்தாற்போல, உறவற்ற பூச்சிகளும் ஒன்றுபோல் தோன்றும். குறுஞ்சிறகைக் கண்டவுடன் அவற்றை ஒரு குலத்தில் சேர்ப்பவர் ஏமாந்து போவர். நீண்ட சிறகின் நரம்பமைப்பைக் கொண்டு குலம் அறியும் வழியோ இங்கே செல்லாது. அறிதற்கு நரம்பு எஞ்சியிருந்தாலன்றோ!

ஆகவே இத்துறை வல்லார், பிழைப்புக்காக எளிதில் மாறாத உறுப்புகளைத் தேடிச் செல்வர். மார்பின் அடியில் முள் உண்டா இல்லையா, முன்னங்காலில் எத்தனை முள், அவை எப்பக்கத்தில் நிற்கின்றன, மார்புக் கவசத்தின் பின்விளிம்பு எவ்வாறு முடிகின்றது, ஆணின் வயிற்றுக் கடைசியில் இருபுறமும் உள்ள வாலுறுப்புகள் எவ்விடத்தில் வளைகின்றன, அவற்றின் பல் அடியில் உள்ளதா நுனியில் உள்ளதா, பெண்ணின் வாளுறுப்பு நேரானதா வளைந்ததா என இவ்வாறு ஒவ்வொன்றாக உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து நோக்குதல் வேண்டும். நோக்கியபின், முன்பு அறியப்பட்ட பேரினம் ஒவ்வொன்றோடும் ஒப்பிடுதல் வேண்டும். ஆத்திரிய நாட்டில் வாழ்ந்த பிரூன்னர் என்பவர் 1882-இல் ஐரோப்பிய நேர்ச்சிறகுப் பூச்சிகளைத் தொகுத்தெழுதிய பெருநூல் இவ்வொப்பீட்டுக்குத் துணைநின்றது. ஒரு பூச்சி ஒரு பேரினத்தோடு நான்கு வகையில் பொருந்தி ஐந்தாவதில் மாறுபடுமாயின், அந்த ஐந்தாவது வேற்றுமை தனிக்குலம் வகுக்கப் போதுமானதா என்பதை முடிவுசெய்வதற்கு அளவுகோல் ஏதும் இல்லை. ஆயிரக்கணக்கான பூச்சிகளைக் கண்டு பழகிய கண்ணும், தன் முடிவைத் தானே ஐயுறும் நேர்மையுமே அங்கு வழிகாட்டும்.

உவாரோவ் தாம் ஆராய்ந்த தத்துக்கிளி முன்பு அறியப்பட்ட எப்பேரினத்திலும் அடங்காது என்று துணிந்தார். அதற்குப் போனோகோரியான் எனப் புதுப் பேரினப் பெயர் வழங்கி 1916-ஆம் ஆண்டில் வெளியிட்டார். அதன் முதற் சிற்றினத்துக்குச் சத்துனினி என்று பெயர் சூட்டினார். சத்துனின் என்பவர் காக்கசு மலைநாட்டு விலங்குகளைத் தம் வாழ்நாளெல்லாம் ஆராய்ந்து, முந்திய ஆண்டிலேயே மறைந்தவர். அவர் நினைவு இவ்வாறு அச்சிறு பூச்சியில் நிலைபெற்றது.

இப்பூச்சி எந்தப் பயிரையும் அழிப்பதில்லை. ஒரு மலைத்தொடரில் அன்றி வேறெங்கும் வாழ்வதும் இல்லை. பயிர்ப் பாதுகாப்பு நிலையத்தின் தலைவர், போரும் பஞ்சமும் சூழ்ந்த வேளையில், இதற்கெனப் பொழுதைச் செலவிட்டது வீண் என்று கருதினவர் அந்நாளில் இருந்திருக்கலாம். அவர்கள் கருத்து பிழையானது. சிறகின் நீளம், கவசத்தின் வளைவு, உடலின் நிறம் ஆகியவை சூழ்நிலைக்கேற்ப மாறக்கூடியவை. அவற்றை நம்பிக் குலம் வகுக்கலாகாது என்னும் பாடத்தை மலைத்தத்துக்கிளிகளே ஒருவனுக்கு நன்கு கற்பிக்கும். சுத்தாவ்ரபோலில் முளைத்த ஐயத்தைத் தீர்க்க உவாரோவுக்கு வேண்டியதும் அந்தப் பாடமே.

1917-இல் உருசியாவில் புரட்சி மூண்டது, பேரரசு சிதைந்தது. அடுத்த ஆண்டில் சியார்சியா தனிநாடாயிற்று. உவாரோவ் அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகவும், காட்சிச்சாலையில் பூச்சிப் பிரிவைக் காப்பவராகவும் பணிபுரிந்தார். ஆயினும் உருசியராகிய அவர் அப்புதிய நாட்டில் அயலார்போல் ஆனார். பணத்தின் மதிப்பு நாளுக்குநாள் வீழ்ந்தது. பெற்ற ஊதியம் குடும்பத்தின் உணவுக்கும் போதவில்லை. எந்த ஆட்சி எப்போது மாறும் என்பதை அறியாத நிலையில், மனைவியையும் மகனையும் காக்கவேண்டிய கடமையும் அவர்மேல் இருந்தது.

அவ்வேளையில் ஆங்கிலப் படையோடு அப்பகுதிக்கு வந்திருந்த பக்சுட்டன் என்னும் பூச்சியியலார் உவாரோவைச் சந்தித்தார். பகைநாடு, நட்புநாடு என்னும் வேறுபாடு பூச்சியைப் பற்றிப் பேசும் இருவர்க்கிடையே நில்லாது போலும். உவாரோவின் புலமையை உணர்ந்த அவர், இலண்டனில் இருந்த பேரரசுப் பூச்சியியல் நிலையத்துக்கு அவரைப் பற்றி எடுத்துரைத்தார். அந்நிலையத்தின் தலைவர் மார்சல் என்பவர் உவாரோவுக்குப் பணியளித்தார். 1920-ஆம் ஆண்டில் உவாரோவ் குடும்பத்தோடு இங்கிலாந்து சேர்ந்தார். யூரால்சுக்கின் புல்வெளியும், காசுப்பியன் கரையின் நாணற் காடும், மேகம் தவழும் காக்கசுச் சிகரங்களும் அவருக்கு அன்றோடு நினைவாய்ப் போயின.

இலண்டன் இயற்கைப்பொருட் காட்சிச்சாலையில் அவர் அமர்ந்தார். உலகின் பல பகுதிகளிலிருந்தும் ஊசியிற் குத்தி அடுக்கப்பட்ட பூச்சிகள் அங்கே பெட்டி பெட்டியாக இருந்தன. அவற்றை நோக்கியும், தாம் களத்தில் கண்டவற்றை நினைவுகூர்ந்தும், வெட்டுக்கிளிப் பேரினத்தை முழுவதும் மீண்டும் ஆராய்ந்தார். 1921-ஆம் ஆண்டில் அவ்வாராய்ச்சியை வெளியிட்டார். மைக்ரடோரியாவும் டானிக்காவும் இரண்டு சிற்றினங்கள் அல்ல. ஒரே சிற்றினத்தின் இரண்டு நிலைகள் என்பதே அவர் கண்ட முடிவு. பூச்சி குறைவாக இருக்கும்போது அது தனித்து வாழும். புல்லின் நிறம் கொள்ளும். இடம் சுருங்கியோ எண்ணிக்கை பெருகியோ நெருக்கம் உண்டாகுமாயின், அதன் வழித்தோன்றல்கள் நிறமும் வடிவும் நடத்தையும் மாறிக் கூட்டமாகிப் படையெடுக்கும். கூட்டம் அழிந்தபின் எஞ்சியவை மீண்டும் தனித்து வாழும் நிலையை அடையும்.

இதனால் பழைய வினாவுக்கு விடை கிடைத்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் வெட்டுக்கிளி எங்கும் போகவில்லை. அது அங்கேயே, வேறு பெயரால் வாழ்ந்துகொண்டிருந்தது. உழவன் காலடியில் பகைவன் அமைதியாக இருந்தான். அவனை வேறொருவன் என்று நூல்கள் கூறிவந்தன. ஐந்தாண்டுக்கு முன் மலைத்தத்துக்கிளியைப் பிற பேரினங்களினின்று பிரித்தவரே, இப்போது இரண்டு பெயர்களை ஒன்றாகச் சேர்த்தார்.

புதுக்கொள்கையை அறிஞர் எல்லாரும் உடனே ஏற்றுக்கொள்ளவில்லை. வெறும் ஊகம் என்று கூறினவரும் இருந்தனர். ஆயினும் தாசுக்கண்டு நகரில் பிளாத்னிக்கோவ் என்பவர் வெட்டுக்கிளிகளைக் கூண்டிலிட்டு வளர்த்து, ஒரு வகையிலிருந்து மற்றொன்றைத் தோற்றுவிக்கலாம் எனக் கண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவில் பௌரே என்பவர் அங்குள்ள வேறொரு வெட்டுக்கிளியைக் கூண்டில் வளர்த்து அம்முடிவையே அடைந்தார். அவர்களுக்குரிய புகழை உவாரோவ் மறைக்காமல் எடுத்துக் கூறினார். நெருக்கம் எவ்வாறு இம்மாற்றத்தை விளைக்கின்றது என்பது நெடுங்காலம் விளங்கவில்லை. பாலை வெட்டுக்கிளியின் பின்தொடையைப் பிற பூச்சிகள் திரும்பத் திரும்பத் தீண்டுதலே போதும் என்பதும், அத்தீண்டலால் நரம்பில் செரோட்டோனின் என்னும் பொருள் மிகுந்து பூச்சியைக் கூட்டத்தில் சேரத் தூண்டுகின்றது என்பதும் மிக அண்மையிலேயே விளங்கின. அவற்றுள் பின்னது 2009-ஆம் ஆண்டில் மெய்ப்பிக்கப்பட்டது.

உவாரோவின் கொள்கையால் போர்முறையே மாறிற்று. கூட்டம் எழுந்தபின் அதனைத் துரத்துவது வெள்ளம் வந்தபின் அணை கோலுவது போன்றது. பாலை வெட்டுக்கிளிக் கூட்டம் ஒரு சதுரக் கிலோமீட்டரில் நான்கு கோடி முதல் எட்டுக் கோடிப் பூச்சிகளைக் கொண்டிருக்கும். அதனை யார் எண்ணி அழிப்பது? நெருக்கம் எவ்விடத்தில் தொடங்குகின்றதோ அவ்விடத்தைக் கண்டு, தனித்து வாழும் பூச்சிகள் கூட்டமாவதற்கு முன்னரே அடக்குதல் வேண்டும் என்று உவாரோவ் வற்புறுத்தினார். நாடுதோறும் வந்த செய்திகளைத் திரட்டி, வெட்டுக்கிளி தோன்றிய இடத்தையும் சென்ற வழியையும் படங்களில் குறிக்கும் பணி, 1929 முதல் அவர் மேற்பார்வையில் இலண்டனில் நடந்தது. 1928-இல் தொடங்கி ஆப்பிரிக்காவின் பெரும்பகுதியைச் சூறையாடிய கூட்டம், நைசர் ஆற்றின் நடுப்பகுதியிலுள்ள வெள்ளச் சமவெளியிலிருந்து எழுந்தது என்பது இம்முறையால் புலனாயிற்று. உரோமாபுரி, பாரீசு, இலண்டன், கெய்ரோ, பிரசல்சு ஆகிய நகரங்களில் 1931 முதல் 1938 வரை பன்னாட்டு மாநாடுகள் கூடின. பூச்சிக்கு நாட்டெல்லை இல்லை. ஆகவே அதனைத் தடுப்பவர்க்கும் எல்லை தடையாதல் கூடாது என்பது அம்மாநாடுகளில் வலியுறுத்தப்பட்டது.

இந்தியாவில் 1926 முதல் 1931 வரை பாலை வெட்டுக்கிளியால் பெருங்கேடு விளைந்தது. அதனை ஆராயும் பொறுப்பு, கோயமுத்தூரில் சென்னை அரசின் பூச்சியியலாராக இருந்த இராமச்சந்திர இராவிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சிந்து, பலுச்சித்தானம், இராசபுத்தானம் ஆகிய பகுதிகளின் மணல்வெளிகளில் தனித்து வாழும் பூச்சிகளை ஆண்டுக்கணக்கில் எண்ணிக் கணக்கிட்டு, பின்னர்ப் பெருநூலாகவும் எழுதினார்.

இரண்டாம் உலகப் போரின்போது பாலை வெட்டுக்கிளி மீண்டும் பெருகிற்று. கப்பல்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்ட அந்நாளில், மேற்கு ஆசியாவிலும் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் விளைச்சல் அழியுமாயின் மக்கள் பட்டினியால் மடிவது திண்ணம். அராபியப் பாலையிலும் பாரசீகத்திலும் வெட்டுக்கிளித் தடுப்புப் படைகள் அனுப்பப்பட்டன. அவற்றுக்கு வேண்டிய அறிவுரை உவாரோவிடமிருந்தே சென்றது. 1943-இல் அவர் பிரித்தானியக் குடிமகனானார். 1945-இல் வெட்டுக்கிளித் தடுப்பு ஆராய்ச்சி நடுநிலையம் தனியே நிறுவப்பட்டபோது அதன் தலைவரானார். 1959-இல் ஓய்வு பெறும்வரை அதனை நடத்தினார். 1950-இல் இலண்டன் அரசவைக் கழகம் அவரைத் தன் உறுப்பினராக ஏற்றது. 1961-இல் சர் பட்டமும் வந்தது.

நாடு கடந்து புகழ் பரவியபின்னும் அவர் ஊசியிற் குத்திய பூச்சிகளை நோக்கும் பழைய பணியைக் கைவிடவில்லை. அலுவல்கள் மிகுந்த பொழுதும், உலகின் மூலைமுடுக்குகளிலிருந்து வந்த தத்துக்கிளிகளை ஆராய்ந்து நூற்றுக்கணக்கானவற்றுக்குப் பெயர் வழங்கினார். வெட்டுக்கிளிகளைப் பற்றி அவர் எழுதிய பெருநூலின் முதற்பகுதி 1966-இல் வெளிவந்தது. இரண்டாம் பகுதியை அவர் அச்சிற் காணவில்லை. 1970-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 18-ஆம் நாள் அவர் உயிர்நீத்தார். அப்பகுதி 1977-இல் வெளியிடப்பட்டது.

அவர் வகுத்த மலைத்தத்துக்கிளிப் பேரினத்தில் நெடுங்காலம் சத்துனினி என்னும் ஒன்றே அடங்கியிருந்தது. 1954-இல் உருசிய அறிஞர் பேய்பியென்கோ, ஆர்ட்டுவின் மலைகளின் பெயரால் மற்றொன்றைச் சேர்த்தார். 1956-இல் துருக்கி அறிஞர் கரபாக்கு மூன்றாவதைக் கண்டு, அதற்கு உவாரோவின் பெயரையே சூட்டினார். 2014-இல் துருக்கிய ஆராய்ச்சியாளர் இம்மூன்றின் மரபுப் பொருளை ஆய்ந்து, பனியூழிகளில் குளிர் மிகுந்தும் தணிந்தும் வந்தபோது இவை மலைச்சரிவில் கீழிறங்கியும் மேலேறியும் வாழ்ந்தமையால் தனித்தனியே பிரிந்தன என்று விளக்கினர். சிறகாற் பறந்து வேறு மலைக்குப் போகமாட்டாத உயிர்களாகலின், அவை இன்றும் அத்தொடரிலேயே வாழ்கின்றன. பனி உருகிய கோடையில், உயர்ந்த செடிகளின் நடுவே அமர்ந்து, அவற்றின் ஆண்கள் குறுஞ்சிறகை உராய்ந்து ஒலிக்கின்றன. பெண்கள் அவ்வொலியைக் காலாற் கேட்டு வருகின்றன.